பள்ளிக்கூடத்தை இழுத்துச் சென்றது குறித்து

என் பெயர் நஸ்டாசியா கமெரோஃப். வயது 41. அலாஸ்கா மாநிலம் குயிக்லுக் கிராமத்தில் குடியிருக்கிறேன். தொழில் கட்டட வடிவமைப்பு. மாநிலப் போலீஸ் அதிகாரி விசாரிக்க, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை வரைந்தவள் நான். உறைந்து கிடந்த நிலம் உருகி, ஆறு கரையை அரித்துக்கொண்டே வருவதால், கட்டடத்தைத் தரையில் ஊன்றாமல், பனிவண்டிக்கு இருப்பதுபோல எஃகுச் சறுக்குகளின் மேல் உட்கார வைத்தேன். சுவர் ஒரு முழக் கனம். குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கப் பழைய பள்ளிக்கு ஆன எண்ணெயில் பாதிதான் இதற்குச் செலவாகிறது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

சென்ற இலையுதிர்காலப் புயலில் கரை இடிந்து, ஆறு பள்ளி வாசற்படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் பிறகு கட்டடத்தை நகர்த்த அனுமதி கேட்டுக் கல்வி அலுவலகத்துக்கு எழுதினேன். கோடையில் பார்க்கலாம் என்றார்கள். கோடையில் இங்கே தரை சேறாகிவிடும், சறுக்கு நகராது என்று போனில் சொன்னேன். அதற்கும் கோடை என்றே பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. அதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பிறகு ஏப்ரலில், தரை இறுகிக் கிடக்கும்போதே, புல்டோசர் ஓட்டும் என் பெரியப்பா மகன் வாசிலியிடம் போனேன். "ஏம்மா, பள்ளிக்கூடத்தையே திருடவா என்னக் கூப்பிடுற?" என்றார். "ஆமாண்ணே, திருடுறதுன்னு ஆச்சு, பெருசாவே திருடுவோம்" என்றேன். அதன் பிறகு இரண்டு புல்டோசர்களில் வடம் பூட்டி, ஊரே கூட நடந்துவர, ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் மேட்டுக்கு இழுத்துச் சென்றோம். ஒரு ஜன்னல் கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. பலகையில் ஆசிரியை எழுதிவைத்த கணக்கு அப்படியே இருந்தது. திங்கட்கிழமை பிள்ளைகள் அங்கே போய் உட்கார்ந்ததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுதேன்.

அரசுச் சொத்தைத் திருடியதாக என் மேல் வந்துள்ள புகாரை அதிகாரி படித்துக் காட்டினார். நிரூபணமானால் என் தொழில் உரிமம் போய்விடும் என்பது தெரியும். வாசிலி நான் சொல்லித்தான் செய்தார். அவரை இதில் சேர்க்க வேண்டாம்.

அதன் பிறகு, குற்றம் நடந்த இடத்தைக் காட்டும்படி அதிகாரி சொன்னார். அழைத்துப் போனேன். மே மாதம் ஆற்றின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்தபோது பள்ளி இருந்த இடம் முழுவதும் ஆற்றோடு போய்விட்டதால், தண்ணீரைத்தான் காட்ட முடிந்தது. அதிகாரி தன் படிவத்தை எடுத்தார். 'குற்றம் நடந்த இடம்' என்ற கட்டத்தில் 'ஆறு' என்று எழுதிக்கொண்டார்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) நஸ்டாசியா கமெரோஃப்