வெடிமருந்து அறையில் உலை வைத்தது குறித்து

1964ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் தேதி திங்கட்கிழமை, சாத்தூர் காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்ட ஜெயக்கொடி என்பவர் கொடுத்த வாக்குமூலம்:

என் பெயர் ஜெயக்கொடி. வயது 54. காலஞ்சென்ற தேவாசீர்வாதத்தின் மனைவி. மதம் கிறிஸ்தவம். சாத்தூர் தாலுகா மேலக்கரிசல்பட்டி, கோயில் தெருவில் குடியிருக்கிறேன். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்க்கிறேன். அடுத்த வருடம் ஓய்வு பெறுவேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஊருக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் கரிசலும் அதில் ஒரு கிணறும் எனக்குச் சொந்தம். அது புருஷன் வீட்டுச் சொத்து அல்ல, என் சம்பளத்தில் வாங்கியது. அந்தக் கிணற்றை நம்பித்தான் ஓய்வுக்குப் பிறகு எப்படிச் சாப்பிடுவது என்று கவலைப்படாமல் இருந்தேன்.

என் மேல் புகார் கொடுத்திருக்கும் வேதமாணிக்கம் என் கணவரின் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன் முறை. என் நிலத்துக்கு மேற்கே அவர் நிலம். அவருடைய மூன்று பிள்ளைகளையும் என் கையில்தான் ஏந்தினேன். இதைக் கேஸுக்குச் சம்பந்தமில்லை என்று ஐயா எழுதாமல் விட வேண்டாம். சம்பந்தம் உண்டு.

சென்ற வருடம் தை மாதம், பெருவழிச்சாலையைப் புதிதாகத் திருப்பி அகலப்படுத்துவதற்காக சர்வேக்காரர்கள் வந்து கல் நட்டார்கள். கற்கள் வேதமாணிக்கத்தின் நிலத்தில் விழுந்தன. அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்து கண் கலங்கினார். நான் காப்பி கொடுத்து ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு மாசி மாதம் மறுபடியும் வந்தார். தன் நிலத்தில் பட்டாசுக் கம்பெனி ஆரம்பிக்கப் போவதாகவும், முதலில் வெடிமருந்து வைக்க ஓர் அறை கட்டப் போவதாகவும் சொன்னார். அண்டை நிலத்துக்காரர் சம்மதித்தால்தான் லைசென்சு கிடைக்கும். "மதினி, நம்ம சபைப் பிள்ளைக இருவது பேருக்கு வேல கெடைக்கும். நீங்க மனசு வச்சாத்தான் உண்டு" என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு நீட்டினார். வேதமாணிக்கம் பேனா கொடுத்தார். வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். மருந்து அறைக்குப் பக்கத்தில் நிலம் வைத்துக்கொள்ள யாருக்கு ஆசை? சொந்தக்காரர் என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தேன்.

அதன் பிறகு அறை கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி போட்டு, அபாயம் என்று சிவப்புப் பலகை வைத்து, செல்லப்பாண்டி என்பவரைக் காவலுக்கு வைத்தார்கள். ஆனி மாதம் சர்வேக்காரர்கள் திரும்ப வந்தார்கள். வேதமாணிக்கத்தின் நிலத்திலிருந்த கற்களைப் பிடுங்கி என் நிலத்தில் நட்டார்கள். ஒரு கல் கிணற்று மேட்டிலேயே நின்றது. காரணம் கேட்டதற்கு, மருந்து அறைக்குப் பக்கமாகச் சாலை போகக்கூடாது, விலகித்தான் போக வேண்டும், அது சட்டம் என்றார்கள்.

நான் நேராக வேதமாணிக்கத்திடம் போனேன். அவர் பதறிப்போனவர் போலத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீக மதினி. ஆட்சேபண மனுவ நான் பாத்துக்கிடுதேன். நீங்க டூட்டிக்குப் போங்க" என்றார். நானும் டூட்டிக்குப் போனேன். கெடு முடிந்த பிறகு விசாரித்தபோது, என் பெயரில் மனு எதுவும் வரவில்லை, ஆட்சேபணை இல்லாததால் நிலம் எடுப்பது முடிவாகிவிட்டது என்று தெரிந்தது. சர்க்கார் நிலம் எடுக்கலாம். ஆனால் எடுக்கும் முன் சொந்தக்காரி வாய் திறந்து பேச ஒரு தவணை கொடுத்திருக்கிறது. அந்தத் தவணையைத் திருடியது சர்க்கார் அல்ல, என் வீட்டில் காப்பி குடித்த மனிதர். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

அறை கட்டி ஒரு வருடம் ஆகியும் கம்பெனி வரவில்லை. சபைப் பிள்ளை ஒன்றுக்கும் வேலை வரவில்லை. சென்ற மாதம் என் கிணற்றுக்குப் போகும்போது, காவல்காரர் செல்லப்பாண்டி அந்த அறையின் கதவில் சாய்ந்தபடி பீடி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உராய்ந்து பொறி பறந்துவிடும் என்ற பயத்தில், இந்த வட்டாரத்தில் மருந்து அறைக்குள் காலை நனைக்காமல் யாரும் நுழைய மாட்டார்கள். வாசலில் தண்ணீர்த் தொட்டியும் ஈரச் சாக்கும் கிடக்கும். இங்கே தொட்டியும் இல்லை, சாக்கும் இல்லை, பீடி மட்டும் இருந்தது. நிலம் எடுக்கும் ஆபீசில் ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். லைசென்சு இருக்கிறது, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் வெளியே வரும்போது, வேதமாணிக்கத்தின் மருந்து அறையில் உலை வைத்துச் சோறு பொங்கப் போகிறேன், தைரியம் உள்ளவர்கள் சாப்பிட வரலாம் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கடப்பாரை, பானை, அரிசி, விறகு எடுத்துக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றது. பின்னால் வந்தவர்களை என் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னேன். பூட்டை உடைத்தது நான்தான். செல்லப்பாண்டி என் கையைப் பிடித்து, "அக்கா, வேண்டாங்க்கா, மொதலாளி என்னையக் கொன்னுபோடுவாரு" என்றார். மருந்து வெடித்துவிடும் என்று அவர் சொல்லவில்லை.

கதவைத் திறந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. உள்ளே மிளகாய் வத்தல் மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. வேறொன்றும் இல்லை. நன்றாகப் பார்த்த பிறகே தீப்பெட்டியை எடுத்தேன். அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாமே என்று ஐயா கேட்கிறீர்கள். நான் சொன்னால் கேட்க ஆள் இல்லை என்பதை ஒரு வருடமாகப் பார்த்துவிட்டேன். மூட்டைகளைவிட்டுத் தள்ளி, வாசலோரம் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினேன்.

வாசலில் புகை வந்ததும் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் அலறிக்கொண்டு ஊரைப் பார்த்து ஓடினார்கள். வேதமாணிக்கம் ஊருக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். ஓடுகிறவர்கள் அவரையும் பிடித்து இழுத்தார்கள். அவர் உதறிவிட்டு, அத்தனை பேரும் ஓடியதற்கு எதிர்த்திசையில், நெருப்பு எரிகிற அந்த அறையைப் பார்த்து ஓடி வந்தார். ஓடி வரும்போதே, "மதினி, வத்தல் மூடையில தீப்பிடிச்சிரும்! அடுப்ப அணைங்க மதினி!" என்று கத்தினார். ஓடியவர்கள் அதைக் கேட்டு நின்றார்கள். பானையை அவர்தான் எத்திவிட்டார். என் இடது கால் வெந்தது அதனால்தான்.

அந்த அறையில் வெடிமருந்து இருந்ததாகவும், நான் ஊர் உயிருக்கு ஆபத்து விளைவித்ததாகவும் அவர் புகாரில் எழுதியிருப்பதாக ஐயா சொன்னீர்கள். அவர் எந்தப் பக்கம் ஓடினார், என்ன சொல்லிக் கத்தினார் என்பதை ஊராரிடம் கேட்டுக்கொள்ளவும். பூட்டுக்கு உண்டான தண்டனையை எனக்குக் கொடுக்கலாம். கல்லை எந்த நிலத்தில் நடுவது என்பதை மட்டும் சர்க்கார் மறுபடி விசாரிக்க வேண்டும்.

இவையெல்லாம் நான் கண்டதும் செய்ததும். பொய் கலக்கவில்லை. சென்ற வருடம் வாசிக்கச் சொல்லிக் கேட்காமல் ஒரு கையெழுத்துப் போட்டேன். இதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் போடுகிறேன்.

(ஒப்பம்) தே. ஜெயக்கொடி