முப்பத்தைந்தாவது படத்தில் தாழ்ப்பாள்

“வரப்ப வெட்டுன கை எதுன்னு எனக்குத் தெரியாதாடா?”

“தெரிஞ்சா சொல்லு. அண்ணனாச்சேன்னு நிக்கிறேன். வேற எவனாவது கேட்டுருந்தா இந்நேரம் வாயில பல்லு இருக்காது.”

முருகையனும் அவன் தம்பி அண்ணாதுரையும் கொல்லையில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது மணி நாலே கால். கார்த்திகையில் மழை விட்ட நாளாக இருந்தால், வலங்கைமான் பக்கம் அந்த நேரத்து வெயில் மிக நன்றாக இருக்கும், ஐயா. முகத்தின் ஒரு பாதியில் மட்டும் விழும். நான் என் வீட்டு மாடி ஜன்னலில் இருந்தேன். கேமராவில் நாலு படம் மிச்சம் இருந்தது.

முதலில் ‘ரோல் முப்பத்தாறு’ குழு பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர்களை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. என் வீட்டுக்காரர் மிக்கேல்ராஜ், மஸ்கட்டிலிருந்து ஒரு பிலிம் கேமரா கொண்டுவந்து அலமாரியில் போட்டார். பத்து வருடம் அதைத் தொடவில்லை. பிறகு செத்துப்போனார். நான் தூசி துடைத்து, இதை எப்படித் திறப்பது என்று நெட்டில் கேட்டேன். அப்படித்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். பழைய கேமராப் பைத்தியங்கள், நூற்று நாற்பது பேர். நாகப்பட்டினம் மூஸா பாய் கேமராவைக் கூரியரில் வாங்கி, ஷட்டரைச் சரிசெய்து, இரண்டு ரோல் பிலிமும் வைத்து அனுப்பினார். பைசா வாங்கவில்லை. கோடியக்கரையில் பறவைப் படம் எடுக்கும் கிளாட்சன் தினமும் “சாப்டீங்களாக்கா” என்று கேட்பான். பெற்ற பிள்ளை கேட்டதில்லை. விதவையான பிறகு இந்தத் தெருவில் என்னை மனுஷியாக மதித்தவர் யார் என்று கேட்டால், அந்த நூற்று நாற்பது பேரைத்தான் கைகாட்டுவேன்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, எடுத்ததிலேயே சிறந்த ரோலை முழுசாகப் போட வேண்டும். முப்பத்தாறு படமும், வரிசை மாறாமல். கெட்டுப்போனதை மறைக்கக் கூடாது. டிஜிட்டல்காரர்கள்தான் அழித்து அழித்து யோக்கியர் ஆவார்கள் என்பார் மூஸா பாய்.

போன முறை நான் போட்ட ரோலைப் பார்த்துக் கிளாட்சன் எழுதினான்: “நல்லாருக்குக்கா. ஆனா எல்லாரும் ரேஷன் கடை வரிசை மாதிரி நிக்கிறாங்களே.” சிரித்தபடிதான் எழுதினான். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இவ்வளவு செய்தவர்களுக்கு நான் திருப்பிக் கொடுப்பது ரேஷன் வரிசையா?

என் ஜன்னலுக்கு எதிரே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. முருகையன் வீட்டுக் கொல்லையும் அண்ணாதுரை வீட்டுக் கொல்லையும் ஒன்றுதான், நடுவே சுவர் கிடையாது. அப்பன் காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். இப்போது ஆளுக்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர், சொந்தம். சொந்தம் வந்ததும் ரோஷமும் வந்துவிட்டது. கோபம் வந்தால் அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். தம்பிக்கு மூக்கு விடைக்கும். இரண்டும் பிலிமில் அழகாக விழும்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. இவன் சொன்னதை அவனிடம் சொன்னேன், அவன் சொன்னதை இவனிடம் சொன்னேன். கொஞ்சம் உப்பு கூடியிருக்கலாம். நேரத்தைத்தான் கவனித்துக்கொண்டேன். மூஸா பாய் அனுப்பிய பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் அடங்கிவிடுவார்கள். மூன்று மணிக்குச் சொன்னால் நாலு மணி வெயிலுக்குச் சரியாக இருக்கும்.

சிக்கல் அம்சவல்லியால்தான். அண்ணாதுரை பெண்டாட்டி. குரல் உயர்ந்தால் போதும், கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து நடுவில் நிற்பாள். “பொண்ணுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு, நீங்க ரெண்டு பேரும் கூத்தாடுங்க” என்பாள். சிரித்துக்கொண்டே கலைந்துவிடுவார்கள். இரண்டு முறை எனக்குக் கிடைத்தது அவள் முதுகுதான்.

அன்றைக்கு முப்பத்திநாலாவது படம் எடுத்ததும் நான் கீழே இறங்கினேன். கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கப் போகிறவள் போலச் சுவரோரமாக நடந்து, அம்சவல்லி வீட்டுக் கொல்லைக் கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டேன். புடவையையும் எடுத்துக்கொண்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விண்ணரசி அக்கா கொல்லையில் நடப்பது யாருக்கும் புதிதில்லை.

மாடிக்கு வந்தபோது முருகையன் கையில் மண்வெட்டி இருந்தது. அதை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். முதல் வெட்டு தோளில். அண்ணாதுரை விழவில்லை, “அண்ணே” என்று மட்டும் சொன்னான், ஏதோ கேட்பவனைப் போல. அது முப்பத்தைந்து. இரண்டாவது கழுத்தில். அது முப்பத்தாறு. மூன்றாவது வெட்டு விழுந்தபோது ரோல் தீர்ந்திருந்தது. உள்ளேயிருந்து அம்சவல்லி கதவை உதைத்தாள், இடித்தாள். கதவுக்கு அடியில் அவள் விரல்கள் தெரிந்தன. மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன. அது ஒரு நல்ல படம். பிலிம் இல்லை.

பிறகு நான்தான் இறங்கிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவள் பதற்றத்தில் எதையும் யோசிக்கவில்லை.

வைகாசியில் ரோலைப் போட்டேன், முப்பத்தாறும், வரிசை மாறாமல். கடைசி இரண்டை மறைத்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மூஸா பாய் “யா அல்லா” என்று மட்டும் எழுதினார். கிளாட்சன் படங்களைப் பெரிசுபண்ணிப் பார்த்திருக்கிறான். கொக்கின் இறகு எண்ணுகிற பையன். “அக்கா, முப்பத்திநாலுல கதவு தாழ்ப்பாள் தொறந்துருக்கு. முப்பத்தஞ்சுல போட்டுருக்கு. துரு கூடத் தெரியுது. யாரு போட்டா?”

அவர்களிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “நாந்தான் தம்பி. படம் கெட்டுரக் கூடாதுன்னு” என்று எழுதினேன். இருபது நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நீங்கள் வந்து கதவைத் தட்டியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஐயா. அவர்கள் நீக்கியதுதான் வலித்தது. ஆனாலும் நன்றி குறையவில்லை.

வரப்பு விஷயம் கேட்டீர்கள். சம்பவத்துக்கு முந்தின நாள்தான் முருகையன் வயலுக்கு உரம் போட்டிருந்தான். விடிந்ததும் ஆளில்லாத நேரத்தில் போய், மிக்கேல்ராஜின் மண்வெட்டியால் இரண்டடி அகலம் வெட்டிவிட்டேன். உரத்தோடு தண்ணீர் முழுசும் தம்பி வயலுக்குள் இறங்கிவிட்டது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்குப் போய் முருகையனிடம், “உன் வரப்பப் பாத்தியாப்பா” என்று மட்டும் கேட்டேன்.

அவன் இப்போது திருச்சி ஜெயிலில் இருக்கிறான். அம்சவல்லி மகள் சுடர்விழியின் மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி, சாவு வீடென்று பின்வாங்கவில்லை. தை கடைசியில் திருவிடைமருதூரில் எளிமையாகத் தாலி கட்டினார்கள். அம்சவல்லியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு போய்விட்டாள். வண்டி ஏறும்முன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “எங்க சண்டையில எந்தப் பக்கமும் நிக்காதவங்க நீங்க ஒருத்திதாங்க்கா” என்றாள்.

நானும் அதைத்தான் சொல்கிறேன், ஐயா.