ஆஷ்போர்டின் மூன்று ஸ்மித்துகள்

— கதவை உதைக்காதீங்க ரிட்டர். உள்ள அடிபட்ட பையன் படுத்திருக்கான்.

— அந்தப் பையனைப் பாக்கத்தான்யா வந்திருக்கேன். வழியை விடு மல்வேனி.

— பாத்து என்ன செய்யப் போறீங்க? ஆட்டம் முடிஞ்சாச்சு. சீசன் பூரா தோக்காம வந்தீங்க, கடைசி ஆட்டத்துல எங்க ஆஷ்போர்டுகிட்ட தோத்தீங்க. வருத்தம்தான். மெதுவாக் கிளம்புங்க, வெல்டன் போற ரயில் வந்துரும்.

— ரயிலு கெட்டுது போ. என்னைத் தோக்கடிச்சது யாரு? உங்க ஊர்க்காரனா? செப்டம்பர்லேர்ந்து உங்க ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் புதுசா ஒருத்தன் வந்து குதிச்சான். பேரு கேட்டா ஸ்மித்தாம்.

— ஸ்மித்துன்னா என்ன தப்பு? ஒஹையோவுல கல்லை விட்டெறிஞ்சா ஒரு ஸ்மித்து மேலதான் விழும்.

— உன் டீம்ல மட்டும் மூணு ஸ்மித்துய்யா. அண்ணன் தம்பியான்னு கேட்டா திருதிருன்னு முழிக்கிறானுங்க. ரெண்டாவது பாதியில நான் கோட்டோரம் நின்னு, "ஏ ஸ்மித்து"ன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒருத்தனாவது திரும்பணுமே. மூணு பேரும் அவனவன் வேலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். பெத்தவங்க வச்ச பேரா இருந்தா கழுத்து தானா திரும்பும்.

— கூட்டச் சத்தத்துல கேட்டிருக்காது, பாருங்க.

— மிஸ்டர் பிக்கெட், நீங்க பத்திரிகைக்காரரு, பக்கத்துலதான் நின்னீங்க. சொல்லுங்க இவனுக்கு.

— ஆமாங்க. எனக்கே காது அடைச்சுப் போச்சு. யாரும் திரும்பல.

— எழுதிக்கோங்க. நாளைக்குக் காலையில கொட்டை எழுத்துல வரணும். காலேஜ் பசங்களைப் பொய்ப் பேருல இறக்கக்கூடாதுன்னு லீக்ல சட்டம் இருக்கா இல்லையா?

— இருக்குங்க. அம்பலமாச்சுன்னா ஆட்டம் செல்லாது.

— கேட்டுக்கோ மல்வேனி. செல்லாது. கோப்பை வெல்டனுக்கு வந்துரும்.

— அந்தப் பையன் என்ன ஆவான்? அதையும் சொல்லுங்க பிக்கெட்.

— காலேஜ்ல சீட்டைக் கிழிச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை காசுக்கு ஆடினவன்னு தெரிஞ்சா வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க. படிப்பு அதோட சரி.

— ஆகட்டுமே. பொய்ப் பேரை மாட்டிக்கிட்டு வந்தப்போ தெரியலையா? என் ஆளுங்களைப் பாத்தியா நீ? வாரம் பூரா பீங்கான் சூளையில வேகுறானுங்க. ஞாயித்துக்கிழமை ஒரு நாள், அதுவும் மாதா கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் பந்தைத் தொடுறான். அவனுங்க எதிர்ல, ஆட்டத்தைப் பாடமாப் படிச்சவனைக் கொண்டாந்து நிறுத்துறியே, உனக்கு வெக்கமா இல்ல?

— நிதானமாப் பேசுங்க ரிட்டர்.

— நிதானமா? நீ பிணத்துக்குக் கோட்டு மாட்டி விடுற ஆளு. உன் தொழில்ல எவனும் எதிர்த்துப் பேச மாட்டான், நிதானமா இருந்துக்கலாம். நான் கறிக்கடைக்காரன். தொடையைப் பாத்தே எந்த மாடு ஏர் இழுத்தது, எந்த மாடு சும்மா மேஞ்சதுன்னு சொல்லிருவேன். என்னையா ஏமாத்தப் பாக்குற?

— ஏமாத்தல. ஆனா எல்லா ஊர்லயும் நடக்கிற கதைதானே இது? காலேஜ் பையன் இல்லாத டீம் ஒண்ணு காட்டுங்க.

— வெல்டன். எங்கள்ல ஒருத்தன் பொய்ப் பேருல ஆடியிருக்கானா? வாயைத் திறந்து சொல்லு.

— இல்ல. ஒத்துக்கிறேன். நீங்க ஒருத்தர்தான் அப்பிடி.

— என் சொந்த மகனையே நான் சேக்கல. எல்மர், காலேஜ்ல சட்டம் படிக்கிறான். எங்க வம்சத்துலயே அவன்தான் மொதல். கோடை லீவுல என் காலைச் சுத்திச் சுத்தி வந்தான். "அப்பா, ஒரே ஒரு ஆட்டம், வேற பேருல ஆடிக்கிறேன்"னான். செருப்பைக் கழட்டாத குறையா விரட்டினேன். நான் கத்தி பிடிக்கிறதே நீ பேனா பிடிக்கத்தான், நீ ஓடி நான் பாக்க வேண்டியதில்லைன்னேன்.

— அவ்வளவு கறாரா சொல்லியிருக்க வேணாம்.

— அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான், இன்னும் ஒரு வரி எழுதல. எனக்கும் வலிக்காம இல்ல. ஆனா அவன் பேரு சுத்தமா இருக்கு. அதை விடு, என் வீட்டுக் கதை உனக்கெதுக்கு?

— சும்மாதான் கேட்டேன். சரி, இந்தப் பையன் ஓடுனது எப்பிடி இருந்துச்சு?

— அதை மட்டும் கேக்காதே, வயிறு எரியுது. கணுக்கால் வரைக்கும் சேறு. என் ஆளுங்க நாலு பேரு அவன் மேல பாஞ்சானுங்க. பந்தை வயித்தோட அணைச்சுக்கிட்டு, ஈரக் கையில சோப்பு மாதிரி வழுக்கிட்டுப் போறான். மைதானம் முழுக்க ஓடி, கோட்டுக்கு அந்தாண்ட பந்தை வச்சுப் புள்ளியை எடுத்துட்டு எங்க பக்கம் திரும்பி நின்னான். என்னையே பாத்தான்யா. திமிரைப் பாரு. தோல் தொப்பி, மூக்குல ரப்பர் கவசம், மிச்ச மூஞ்சி பூரா சேறு. கண்ணு மட்டும்தான் தெரியுது.

— பாத்தான், சரி. ஓட்டம்?

— இத்தனை வருஷத்துல அப்பிடி ஒரு ஓட்டத்தை நான் பாத்ததில்ல. போதுமா? என் ஆளா இருந்தா தோள்ல தூக்கிட்டு வெல்டன் வரைக்கும் நடந்தே போயிருப்பேன். என் ஆளு இல்லையே. அதான் எங்க ஆட்டக்காரன் பெர்ன்ட்டைக் கூப்பிட்டு, அவன் அடுத்தவாட்டி பந்தைத் தொட்டா எழுந்திரிக்க விடாதேன்னு சொன்னேன்.

— பெர்ன்ட் தானா செய்யலையா? நீங்களா சொன்னீங்க?

— நான்தான் சொன்னேன். அவன் ரெண்டு முட்டியையும் தோள்ல இறக்கினான். என்னய்யா அப்பிடிப் பாக்குற?

— ஒண்ணுமில்ல. நீங்க சொல்லலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், பாருங்க. ரிட்டர், ஒரு யோசனை சொல்றேன். கோப்பையை நீங்களே எடுத்துக்கோங்க. பையன் ஓடுறப்போ பக்கக் கோட்டை மிதிச்சான், நான் பாத்தேன்னு லீக்ல நானே போய்ச் சொல்றேன். இந்தக் கதவை மட்டும் விட்டுருங்க.

— எனக்குப் பிச்சை போடுறியா? அவன் கோட்டை மிதிக்கல. நான் பாத்தேன். பொய்யால வந்த வெற்றியை இன்னொரு பொய்யால எனக்குத் தூக்கிக் குடுப்ப, நான் வாங்கிட்டுப் போகணுமா? எனக்குக் கோப்பையும் வேணும், நியாயமும் வேணும்.

— அவனை நான் தேடிப் போகல, ரிட்டர். தானா வந்தான். வெல்டன்கூட ஆடுற ஆட்டம் மட்டும் போதும், வேற எதுவும் வேணாம்னான். தான் ஓடுறதை ஒருத்தர் பாக்கணுமாம்.

— எவளாவது பொண்ணு உக்காந்திருப்பா.

— பொண்ணு இல்ல.

— யாரா இருந்தா எனக்கென்ன? நாளைக்கு ஊரே பாக்கும். நகரு.

— சரி. போங்க. ஆனா நீங்க மட்டும். பிக்கெட் இங்கயே நிக்கட்டும். அவ்வளவாவது செய்யுங்க.

— பிக்கெட், இந்த இடத்தை விட்டு அசையாதீங்க. பேரைக் கறந்து உள்ளேர்ந்தே கத்துறேன்.

— சரிங்க. கொஞ்சம் சீக்கிரம், அச்சுக்குப் போகணும்.

— என்ன மல்வேனி இது, உள்ள ஒரே சாராய நாத்தம்?

— மதுவிலக்குதான் அமல்ல இருக்கே, பிணத்துக்கு ஏத்துற மருந்து சீசாவுல கொஞ்சம் விஸ்கி ஒளிச்சு வச்சிருந்தேன். வலி தாங்காமத் துடிச்சான். டாக்டர் வர்ற வரைக்கும்னு ரெண்டு மடக்கு குடுத்தேன். போலீஸ்லயும் சொல்லிக்குடுங்க.

— அதையும் சொல்றேன் இரு. டேய் ஸ்மித்து, போர்வையை எடுடா. எந்தக் காலேஜு? பேசுடா. தோளு உடைஞ்சா வாயும் சேந்து உடைஞ்சு போச்சா? உங்கப்பன் உனக்கு வச்ச பேரைச் சொல்லு.

— கத்தாதீங்கப்பா. வெளியில ஆளு நிக்கிறாரு.

— எல்மர்?

— தோளு மட்டும்தான் போச்சு. வேற ஒண்ணுமில்ல. நான் ஓடுனதைப் பாத்தீங்கள்ல?

— மிஸ்டர் ரிட்டர், என்ன சத்தத்தையே காணோம்? பேரு கிடைச்சுதா?

— கிடைச்சுது பிக்கெட். விசாரிச்சுட்டேன். ஸ்மித்துதான். ஆட்டம் செல்லும்னு போட்டுக்கோங்க.