ஒரே பெயரில் இரண்டு படங்கள்

முதல் ஷிஃப்ட் முடிந்து ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவன் திருநெல்வேலிப் பக்கம் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“செத்துப்போன செல்வம் போட்டோ இருந்த இடத்துல பிரியாணி நிக்குண்ணே,” என்றான்.

பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பினார். “இன்னாடா சொல்ற?”

“நம்ம ரூம் பயலுவளுக்குன்னு நெட்டுல ஒரு பிளாக் வச்சிருக்கேம்லா. அவன் ஆக்சிடெண்ட்ல போனப்போ போட்டோ போட்டு, ‘உன்னை மறக்க மாட்டோம் செல்வம்’னு எழுதினேன். ரூம்ல எடுத்தது, அதனால ஃபைலுக்கு ‘ரூம்’னு பேரு. போன ஞாயித்துக்கிழமை ஆக்குன பிரியாணி படத்துக்கும் அதே பேரு வச்சிட்டேன். ஏத்தும்போது, பழசுக்குப் பதிலா இத வைக்கவான்னு கேட்டுச்சு. படிக்காம ஓகே குடுத்துட்டேன். கீழ எழுதினது மட்டும் அப்படியே நிக்கு.”

“பழசு வேற எங்கியும் இல்லியா?”

“அந்த போனே இப்ப இல்லண்ணே. அவன் சிரிச்ச போட்டோ அது ஒண்ணுதான்.”

“பிரியாணியத் தூக்கிட்டு வேற படம் போட வேண்டியதுதான?”

“போடத்தான் உக்காந்தேன். அதுக்குள்ள அவன் அம்மா போன் பண்ணிட்டாவ. மக செல்லுல பாத்திருக்காவ. ‘எம்புள்ளைக்குப் பிடிச்சதைப் படையல் வச்சிருக்கியே ஐயா, நல்லாருப்ப’ன்னு அழுதாவ.”

“நீ இன்னா சொன்ன?”

“ஆமாம்மான்னேன்.”

வாலாஜாபாத்தில் எழுந்தபோது பெரியவர் அவன் தோளைத் தொட்டார்.

“பிரியாணிய அப்டியே வுட்டுடு.”