குருவி பாக்கற பக்கம்

அட, ஆணியெல்லாம் அப்பறம் அடிச்சுக்கலாம் சார், படத்த அந்தச் சேருல சாத்தி வைங்க. கண்ணாடி ஃப்ரேமு, பின்னால இன்பமேரி அம்மாவுக்குன்னு என்ற பேரு வேற. பெங்களூருல இருந்து நாகலூரு வரைக்கும் மடியில வச்சே கொண்டாந்தீங்களாக்கும்! நொம்ப சந்தோசமுங்க. ஆனா நான் கேட்டது இது இல்லீங்களே. வெட்டறதுக்கு முந்தி இருந்த முழுப் படத்தையல்ல போன்ல கேட்டேன்? உங்க லேப்டாப்புல இருக்குதுங்களா? சரி, சார்ஜு ஏறட்டும். அதுக்குள்ள டீயக் குடிங்க.

எங்க ஊட்டுக்காரருங்களா? சொல்றேன், சொல்றேன். மொதல்ல குடிங்க.

படத்துக்கு ‘தனிமை’ன்னா பேரு வச்சிருக்கீங்க? ஏனுங்க, சிரிக்காம என்ன பண்றது? கீழ சேர்வராயன் மலைக் காட்டுக்குள்ளன்னு வேற போட்டிருக்குது. எங்க கோழிக்கூண்டுக்குப் பொறவால எடுத்ததுதான? என்ற சேலை பின்னால செவப்பாத் தெரியுதுன்னு கொடியில கெடந்த துணிய ஈரத்தோட எடுக்கச் சொன்னீங்க. வேலிக்கம்பி அசிங்கமா இருக்குதுன்னீங்க. எங்க ஊட்டுக்காரரு பாசி புடிச்ச காப்பிக் குச்சி ஒண்ண ஒடச்சாந்து நட்டாரு. அதுலயும் ரெண்டு எலை அதிகம்னு கிள்ளச் சொன்னீங்க. கல்யாணப் பொண்ணக்கூட அத்தன நேரம் சோடிக்க மாட்டாங்க. இப்ப அது காடாமா!

உங்கள மட்டும் சொல்லலீங்க. குருவிப் படம் புடிக்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான். இத்துனூண்டு குருவிக்குப் பீரங்கியாட்டம் ஒரு லென்ஸு, அந்த லென்ஸுக்கு ஒரு பச்சைச் சட்டை. மூச்சு விடாதீங்கன்னு எங்கள அதட்டறது, கடைசில உங்க போனே கூவித் தொலைக்கறது. ஆறேழு வருசமா உங்களுக்கெல்லாம் டீ போட்டுப் போட்டு எனக்கும் பாடம் வந்துருச்சுங்க. கண்ணு தெளிவா இருக்கோணும். வால வெட்டக் கூடாது. நட்டநடுவுல குந்த வைக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடோணும். சரிங்களா?

அப்பறம் ஏனுங்க இந்தக் குருவி போயி ஃப்ரேமுல முட்டிக்கிட்டு நிக்குது? மேல நீலம், நெஞ்செல்லாம் ஆரஞ்சு, எம்புட்டு அழகு! மூக்க இன்னுங்கொஞ்சம் நீட்டுனா கண்ணாடி ஒடஞ்சுரும்போல. முதுகுக்குப் பின்னால மட்டும் மைதானமாட்டம் கெடக்குது.

ஓ, போட்டியில ஜட்ஜும் அதையேதான் சொன்னாருங்களா? அதுலதான் மொதப் பரிசு போச்சா? அடப் பாவமே. என்னக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பனே.

என்னது, அந்தப் பக்கம் டிஸ்டர்பன்ஸா? அதனால வெட்டிட்டீங்க. சரி சரி.

இல்லீங்க, அந்தக் குருவி இப்பெல்லாம் வர்றதில்ல. அது என்ன உங்க குச்சிக்கா வந்துச்சு? எங்க ஊட்டுக்காரரு குந்திக்கிட்டு களைக்கொத்துல மண்ணக் கெளறுவாரு, பூச்சி கெளம்பும், இது வந்து கையெட்டற தூரத்துல ஒக்காந்துக்கும். அன்னைக்கு அவரு டீ குடிக்க எந்திரிச்சு வந்துட்டாரு, நீங்க ஒரு மணி நேரம் வெறுங்குச்சியப் படம் புடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்க. அப்பறம், ஐயா அங்கயே போய்க் குந்துங்கன்னு கும்பிட்டது யாருங்க? இருமுனாப் பறந்துரும்னு துண்ட வாயில அமுக்கிக்கிட்டுக் குந்தியிருந்தாரு. அது வந்து ஒக்காந்ததும் துண்ட எடுத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. நான் சமையக்கட்டுச் சன்னல்ல நின்னு பாத்தேன். உங்க கேமராப் பொட்டியும் அப்பத்தான் டக்குடக்குடக்குன்னு அடிச்சுது.

இப்பக் கெளறி உடறதுக்கு ஆளில்லீங்க. நீங்க வந்துட்டுப் போன மூணாம் மாசம் போயிட்டாரு. நெஞ்சுச் சளி.

அட, எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க. வர்ற புதங்கெழம வருசப் பூசை. உங்க ஊட்டுக்காரரு பெரியநாயகம் படம் ஒண்ணு கொண்டாங்கம்மான்னு சர்ச்சு சாமியாரு கேட்டாரு. ஏதுங்க படம்? போனத் தூக்குனாலே எந்திரிச்சுப் போயிருவாரு. அடக்கத்தன்னைக்கு ஆதார் கார்டு மூஞ்சியப் பெருசு பண்ணி வச்சோம். போலீசு தேடற ஆளாட்டம் இருந்துச்சு.

தொறந்துருச்சுங்களா? தள்ளுங்க சார், வலது பக்கம். இன்னும். அதோ.

இவருதானுங்க உங்க டிஸ்டர்பன்ஸு.

மங்கலாத்தான் இருக்குது. இருக்கட்டும், சிரிக்கறது தெரியுதல்ல.

இல்லல்ல, அவரத் தனியா வெட்டாதீங்க. குருவியும் இருக்கட்டும். அவரு பாக்கற பக்கமும் எடம் விடோணுமல்ல.