காத்து ஓடுற தண்ணி

“ஹலோ... ஹலோ, சார்? இளவேனிலு பேசறேன் சார், மில்லு கழிவுத்தண்ணி பிளான்ட்ல இருந்து... ஆமா சார், ஆமா ஆமா, ஓடுது. புளோவர் ரூம் சாவி எங்க சார்?... உங்க பாக்கெட்லயா? ஐயோ... நைனா தொட்டில வுழுந்துட்டாரு சார்!”

செஞ்சிக்கு வெளியே, அவலூர்பேட்டை ரோட்டில் இருக்கும் அரிசி மில்லின் தொட்டி அது. ஆழம் பதினைந்து அடி. அடியில் வரிசையாகப் பதித்திருக்கும் ரப்பர் தட்டுகளின் ஊசித் துளைகள் வழியே காற்றுக் குமிழ்கள் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில்தான் கழிவைத் தின்னும் கிருமிகள் பிழைத்துக் கிடக்கின்றன. காற்றை நிறுத்தினால் சேறு படிந்து துளை அடைத்துக்கொள்ளும், நிறுத்தாதீர்கள் என்று டிப்ளமோ படித்த இளவேனில் மூன்று வருஷமாகத் தலைபாடாக அடித்துக்கொண்டாள். கரண்டு மிச்சம் என்று பாதி நாள் நிறுத்தியே வைத்தார் முதலாளி ஹரிகிருஷ்ணன். இன்றைக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் அதே மகராசன் காலையிலேயே காற்றடிக்கும் புளோவர் எந்திரத்தை முழு வேகத்தில் போட்டு, யாரும் கை வைக்கக் கூடாதென்று அறையைப் பூட்டி, சாவியோடு மண்டகப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“நொர வெளிய தெரியக்கூடாது, அமுக்கி வுடுன்னு நீங்கதானே மூங்கில குடுத்து நைனாவ நிக்க வெச்சீங்க? கைப்புடி கம்பி துரு புடிச்சி கெடந்துது, சாஞ்சாரு, அப்பிடியே பேத்துக்கினு போச்சி... இல்ல சார், பொய் இல்ல... நேத்து காத்த போடறதுக்கு நான் சாவி கேட்டது வேற சார், இது வேற! காத்து போற கொழாய புடிச்சிக்கினு தொங்கறாரு. கொழாய் கொதிக்குது சார், கை வெந்துபூடும்...”

ஒரு கையை மாற்றி மறு கையால் பிடித்தார் அவள் அப்பா உத்திராபதி. மில்லில் மூட்டை தூக்கிக் காய்ப்பேறிய கை. அதுவே தாங்கவில்லை.

“இன்னா சார், நீச்சலா? ஏரில முங்கி வளந்தவரு சார் அவரு! காத்து ஓடுற தண்ணில எவனும் மெதக்க முடியாது. ஒதைச்சா காலுக்குப் புடிமானமே கெடைக்காது, கீழதான் இழுக்கும். மொதல்ல காத்த நிறுத்தணும்... மெயினா? மெயின ஆப் பண்ணா ஜெனரேட்டர் தானா ஓடுதே, நீங்கதானே அப்பிடி வெச்சீங்க!”

கூட வேலை செய்யும் நரேஷ் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டான். எந்தக் கிணற்றிலும் தலைகீழாகப் பாய்கிற சூரன். இளவேனில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“குதிக்காதடா! நீயும் சேந்து சாவப் போறியா? ஓடு, கடப்பாரைய எடுத்துக்கினு வா!... உங்கள இல்ல சார், நரேஷ சொன்னேன். ஆமா, பூட்ட ஒடைக்கத்தான்... இன்னா? கூடாதா?... ஏன் சார்?... அதிகாரிங்க வர்ற நேரத்துல காத்து நிக்கக் கூடாதா?”

அப்போதுதான் உத்திராபதியின் கை வழுக்கியது. தலை நுரைக்குள் போனது. மறுபடி மேலே வரவில்லை.

“யோவ்!”

மூன்று வருஷமாக வாய் நிறையச் சார் போட்டவள் அவள்.

“எங்க நைனா முழுகிட்டாருய்யா! நீ பூட்டப் பத்திப் பேசறியா? வாய ஒடைப்பேன்! எதிர்ல இருந்தா இந்தக் கடப்பாரைய உன் மண்டையில எறக்கியிருப்பேன்!... கத்து, நல்லா கத்து. போலீசக் கூப்புடு. ஊரையே கூப்புடு!”

நரேஷ் கொண்டுவந்த கடப்பாரையால் ஒவ்வொரு வார்த்தைக்கும் பூட்டில் ஒரு அடி விழுந்தது. கொண்டி கதவை விட்டுப் பிய்ந்து வந்தது. உள்ளே பாய்ந்து சிவப்புப் பொத்தானை அறைந்தாள். புளோவர் ஊளையிட்டு அடங்கியது.

“நின்னுச்சி! நரேஷு, இப்ப குதி! இப்பக் குதிடா!”

தொட்டி அடங்க அடங்க, தண்ணீர் மறுபடி தண்ணீரானது. நரேஷ் இரண்டு முறை முங்கி, மூன்றாம் முறை உத்திராபதியை முடியைப் பிடித்து இழுத்து வந்தான். சிமெண்டுத் தரையில் கிடத்தினார்கள். மூச்சு இல்லை. இளவேனில் போனை அப்படியே கீழே போட்டுவிட்டு, அவர் நெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குத்தினாள்.

“ஆம்புலன்சுக்கு உன் போன்லருந்து சொல்லுடா!... நைனா! மூச்சு வுடு... வுடு நைனா... செத்தியோ, கொன்னுடுவேன் உன்ன!”

விலா எலும்பு ஒன்று முறிந்தது அவள் கைக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. பெற்ற தகப்பனை அவள் அதுவரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சட்டென்று அவர் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீறிட்டது; பிறகு இருமல் வந்தது. இளவேனில் வாய்விட்டு அழுதாள்.

தரையில் போன் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

“ஹலோ... ஆ, இருக்கேன். இருமறாரு, கேக்குதா?... இன்னா? திரும்பச் சொல்லு... மறுபடி போடணுமா? தண்ணி அசையாம நின்னா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா... ம்... ம்... சரி. போடறேன். ஆமாய்யா, ஆமா, என் கையாலயே போடறேன். நீ வா. கல்யாணத்துக்குக் கட்டின பட்டு வேட்டியோட வந்து தொட்டில எறங்கு. கழுத்து வரைக்கும் எறங்கிட்டு ஒரு கொரல் குடு, ஸ்விட்ச தட்டறேன்... எப்ப வர?... ஹலோ?... ஹலோ?”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டிருந்தார் முதலாளி.