கியரில் மாட்டாத மூடி

கோயமுத்தூர் ஜில்லாவில் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத ஆள் ஒரே ஒருவன்தான் இருக்கிறான், சார். அது நான். பெருமைக்குச் சொல்லவில்லை. பாலிடெக்னிக் விடுதியில் சாம்பார் என்ற பெயரில் ஊற்றப்பட்ட திரவத்தில் பருப்பு இருப்பதற்கு ஆதாரம் கேட்டு, எங்கள் கரும்பலகைப் பத்திரிகையில் ஆறு வாரம் தொடர்ந்து எழுதியவன். வார்டன் கூப்பிட்டுக் கோபப்பட்டார். கோபம் பருப்பு ஆகாது என்று ஏழாவது வாரம் எழுதினேன்.

உங்கள் ஸ்டேஷன் கோப்பில் 'விபத்து' என்று இருக்கிறது. அது தப்பு. திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் பிரவின்குமார். அப்பா மாசாணம், கிணத்துக்கடவுப் பக்கம் சென்னகேசவன் என்பவரிடம் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. ரேடியேட்டரில் ராத்திரி நின்றால் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் ஓட்டுகிறவர்கள் சாயங்காலம் தண்ணீரை இறக்கிவிட்டு, ரேடியேட்டர் மூடியைக் கியர் கம்பியில் மாட்டிவிட்டுப் போவார்கள். மூடி கியரில் இருந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, ஊற்றாமல் எடுக்காதே என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற அறிவிப்புப் பலகை.

தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி மகன் சசிதர் ஆசைக்கு அந்த வண்டியை எடுத்து ஓட்டினார். அரை மணியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அப்பாவை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். சென்னகேசவன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.

"குடிச்சுப்போட்டு ஓட்டுனா இப்படித்தான் ஆகும். போ, இனி இந்தக் காம்பவுண்டுக்குள்ள உன் நெழல் விழுகக் கூடாது."

அப்பா குடிப்பதில்லை. அன்று ஓட்டவும் இல்லை. ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல், ஒரு கேள்வி கேட்காமல், ஒரு நிமிடத்தில் தீர்ப்பு. வாயைத் திறந்த அப்பாவை இரண்டு பேர் தோளைப் பிடித்து வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு 'எஞ்சினை எரிச்ச மாசாணம்' என்பதே அவர் பெயராகிவிட்டது. சத்தியமங்கலம் வரைக்கும் போய்க் கேட்டுப் பார்த்தார். யாரும் வண்டி கொடுக்கவில்லை. பொள்ளாச்சியில் கொப்பரைக் களத்தில் மூட்டை தூக்கினார். பஸ்ஸில் போகும்போது ரோட்டோரம் புல்டோசர் வேலை செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிற இந்த ஜாதி ஆட்களைப் பற்றி, பெயர் போடாமல், நான் நிறைய எழுதியிருக்கிறேன். பையன்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் சென்னகேசவன் மாரடைப்பில் இறந்துபோனார். இது என் திட்டத்தில் இல்லாத ஒன்று. மீதி இருந்தது சசிதர்தான்.

இந்த மே மாத லீவில் நானே சசிதரிடம் போய், அந்த எஞ்சினை விடுவித்துத் தருகிறேன் என்றேன். வண்டி மூன்று வருடமாகக் கோடவுனுக்குப் பின்னால் நின்றபடி துருப்பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது ரேடியேட்டரைத்தான். மூடி அதன் மேலேயே இறுக்கமாக இருந்தது. ஆகவே, கியரில் மாட்டியிருந்த மூடியை சசிதர் எடுத்து, தண்ணீர் ஊற்றாமல் மூடிவிட்டு ஓட்டியிருக்கிறார். எனக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

இறுகிய எஞ்சினிடம் அவசரம் காட்டக் கூடாது, சார். டீசல் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப் போட வேண்டும். மூன்று நாள், நான்கு நாள். பிறகு எஞ்சின் பின்னால் இருக்கிற ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நூலளவு முன்னே, ஒரு நூலளவு பின்னே நெம்ப வேண்டும். மறுபடி ஊற்ற வேண்டும். பலத்தைக் காட்டினால் உள்ளே ஏதாவது உடையும். எனக்குப் பொறுமை உண்டு.

சசிதர் தினமும் வந்தார். டீ அவரே வாங்கி வருவார். கடப்பாரையையும் அவரே பிடித்துக்கொண்டார்.

"நீ மெலிஞ்ச ஆளு பிரவினு, கையில மைக் கறை படுற வேலைக்குப் பொறந்தவன். இதைய இங்க குடு."

"மைக் கறை சோப்புப் போட்டாப் போயிருமுங்ணா. இந்த ஆயிலு போகாதுங்க."

ஆறாம் நாள் அவராகவே பேச்செடுத்தார்.

"அன்னைக்கு ஓட்டுனது நான்தான். கியர்ல மூடி இல்ல. தண்ணி இருக்குதுன்னு நெனச்சு எடுத்துப்போட்டேன். அப்பாகிட்டச் சொன்னேன், அறஞ்சாரு. உங்கப்பாவைப் பத்திப் பேச்செடுத்தேன், இன்னொண்ணு உட்டாரு. பொறவு நானும் வாயே தொறக்கல. அது என் தப்புத்தான்." கடப்பாரையை அடுத்த பல்லுக்கு மாற்றினார். "இது ஓடிருச்சுன்னா மாசாணத்தண்ணனையே கூப்பிட்டு ஏத்தி உட்காரவெக்கோணும். ஊரே பார்க்கட்டும்."

குற்றவாளி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. சரிங்ணா என்றேன்.

பதினோராம் நாள் மத்தியானம் ஃப்ளைவீல் முழுச் சுற்று சுற்றியது. சசிதர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் ஆயில். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அப்பா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தச் சனிக்கெழமை மழை வாராப்ல இருந்துச்சு. தூசித் தண்ணி உள்ள எறங்கிருமேன்னு மூடியை ரேடியேட்டர்லயே மூடிப்போட்டு வந்துட்டேன். கியர்ல மாட்டல. ஞாயித்துக்கெழமை ஆரு எடுப்பாங்கன்னு கண்டேன்?"

"இதைய ஏனுங்ப்பா அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல உட்டாத்தானே. சின்னவரு மேல தப்பில்ல சாமி. நீ ஒண்ணும் பேசிப்போடாத. எஞ்சின் சுத்துச்சா, அது போதும்." பிறகு, ரொம்ப நாளில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தார். "சத்தம் எப்படி இருக்குதுன்னு வந்து கேக்கட்டுமா?"

வாங்கப்பா என்றேன்.

பன்னிரண்டாம் நாள் காலை பேட்டரி சார்ஜ் ஆகி வந்திருந்தது. நாசில் போடாமலேயே, பேட்டரியில் ஓடுகிற செல்ஃப் மோட்டாரை அடித்து எஞ்சினைச் சுற்றி, சிலிண்டரில் மிச்சமிருக்கும் டீசலை வெளியே தள்ள வேண்டும். அதற்கு முன் கடைசியாக ஒரு சுற்று கையால் சுற்றிப் பார்த்துவிடலாம் என்றார் சசிதர். குனிந்து, கடப்பாரையைப் பல்லில் கொடுத்தார். கடப்பாரை உள்ளே இருக்கும்வரை பேட்டரி ஒயர் கழன்றிருக்க வேண்டும். அதுதான் விதி. முதல் நாள் அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"ஒயரு கழட்டித்தானே இருக்குது, பிரவினு?"

"கழட்டித்தான் இருக்குதுங்ணா."

மாட்டி இருந்தது. ஐந்து நிமிடம் முன்னால் நான்தான் மாட்டினேன். ஸ்பானர் போட்டு இறுக்கினேன். மேலே ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா உட்காரும் இருக்கை. சசிதரின் தோள் முழுவதும் கடப்பாரை மேல் சாயும்வரை காத்திருந்து, செல்ஃப் பொத்தானை அமுக்கினேன். எஞ்சின் அருமையாகச் சுற்றியது, கடப்பாரையையும் அவர் கையையும் சேர்த்து. அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

சத்தம் கேட்டு அவர் அம்மா பங்காரம்மா ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். "அண்ணன்தானுங்க அமுக்கச் சொன்னாரு. கடப்பாரைய எடுத்துட்டாருன்னு நெனச்சுட்டேனுங்க" என்றேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, கூடியிருந்த அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள். அந்த அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து, "நீ பயந்துக்காத கண்ணு" என்றார். அப்போதுதான் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். ரத்தத்தைப் பார்த்தார். ஒயர் இறுக்கியிருந்த பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். அங்கே அதைப் பார்த்தது அவர் ஒருவர்தான். பிறகு என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கேட்டபோது, ஆமாம், நான்தான் அமுக்கச் சொன்னேன் என்று சசிதர் சொன்னதாகக் கோப்பில் இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அமுக்கச் சொல்லவில்லை, சார். நான் வேண்டுமென்றே செய்தேன். அவருக்கு அது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் செய்ததற்கு என்ன பொருள்?

வண்டியை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பா அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிறார். யோசித்துப் பார்த்தேன். அவருக்கு வெட்கமாக இருக்கும். அந்த எஞ்சின் போனது அவர் கவனக்குறைவால்தானே.